கேசட்டும் சந்தாவும்: வீடியோ கேம் யாருக்குச் சொந்தம்?

மாசம் ஒரு தொகையைக் கட்டிட்டு இஷ்டத்துக்கு வீடியோ கேம் ஆடுறதெல்லாம் நெட்ஃப்ளிக்ஸைப் பார்த்து யாருக்கோ உதிச்ச ஐடியான்னு ஆபீஸ்ல ஒரு நண்பர் அடிச்சுச் சொன்னார். இல்லீங்க, அது என் வயசை விடப் பழசு. அவர்கிட்ட சொன்னதையே கொஞ்சம் விரிவா இங்கே எழுதறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்களே.

முதல்ல கேசட். கார்ட்ரிட்ஜ்னு சொல்லணுமாம், நமக்கு எப்பவும் கேசட்தான். 80கள்ல அமெரிக்காவுல கேம் வாங்கினா அந்தப் பிளாஸ்டிக் டப்பா உங்களோடது. நண்பனுக்குக் கொடுக்கலாம், விக்கலாம், கடை வெச்சு வாடகைக்கும் விடலாம். இதுக்கு அஸ்திவாரம் 1908ல அந்த ஊர் உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பு. ஒரு பதிப்பாளர், இந்தப் புத்தகத்தை ஒரு டாலருக்குக் கீழே விக்கக் கூடாதுன்னு உள்ளேயே அச்சடிச்சிருந்தார். மேசிஸ் கடைக்காரங்க 89 சென்டுக்கு வித்துட்டாங்க. ஒருதடவை வித்த பிரதி மேல அப்புறம் உனக்குப் பிடி கிடையாதுப்பான்னு கோர்ட் சொல்லிடுச்சு.

நின்டெண்டோவுக்கு வாடகைக் கடைகளைக் கண்டாலே ஆகாது. ஒருத்தர் வாங்கி ஐம்பது பேர் ஆடினா யாருக்குத்தான் எரியாது? ஆனா கம்ப்யூட்டர் மென்பொருளை வாடகைக்கு விடத் தடை போட்ட 1990ஆம் வருஷத்துச் சட்டம், டிவியில மாட்டி ஆடுற கேம்களுக்கு மட்டும் விலக்கு கொடுத்துடுச்சு. அதுக்கு முந்தின வருஷமே பிளாக்பஸ்டர் மேல நின்டெண்டோ கேஸ் போட்டிருந்தது. எதுக்குன்னு நினைக்கிறீங்க? கேமை வாடகைக்கு விட்டதுக்கில்லை, கூட வர்ற கையேட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்ததுக்கு! டப்பாவைத்தான் பிடிக்க முடியலை, தாளையாவது பிடிப்போம்னு.

இந்த நிலையிலதான் 1994 டிசம்பர்ல சேகா நிறுவனம் அமெரிக்காவுல சேகா சேனல்னு ஒண்ணை ஆரம்பிச்சது. டைம் வார்னர், டிசிஐ ரெண்டு கேபிள் கம்பெனிகளும் கூட்டு. கேசட் சொருகுற இடத்துல ஒரு அடாப்டரைச் சொருகணும், அதுல கேபிள் டிவி ஒயரை மாட்டணும். மாசம் சுமார் 15 டாலர், 50 கேம். அப்போ ஒரு புது கேசட்டே 50, 60 டாலர், கணக்குப் போட்டுக்குங்க. அடாப்டருக்குள்ள 4 மெகாபைட் நினைவகம். நீங்க கேட்ட கேம் அதுல வந்து உக்காரும். மெஷினை அணைச்சா காலி. மறுபடி ஆடணுமா, மறுபடி இறக்கு. அடுத்த மாசம் அந்த கேம் பட்டியல்லயே இல்லாமப் போகலாம்.

எனக்கு இதுல பிடிச்சதே அந்த நேர்மைதான். அணைச்சா போயிடும்னு சொன்னாங்க, அணைச்சா போச்சு. வாடகை வாடகையாவே இருந்தது. வேணும்னா கடைக்குப் போய் கேசட் வாங்கிக்கலாம். ஒண்ணு ரெண்டு கேம்தான் வில்லங்கம். மெகா மேன்: தி வைலி வார்ஸ் அந்தக் காலத்து அமெரிக்காவுல கேசட்டாவே வரலை, சேனல்ல மட்டும்தான். 1998ல சேனலை மூடினதும் அந்த ஊர்ப் பசங்களுக்கு அதுவும் போச்சு. (2019ல சேகாவே ஒரு குட்டி மெஷின்ல போட்டு மறுபடி வித்தது வேற கதை.)

அதே சமயம் ஜப்பான்ல நின்டெண்டோ வேற மாதிரி யோசிச்சது. 1995 ஏப்ரல்ல சாட்டலாவியூ. செயற்கைக்கோள் வழியா கேம் வரும். ஆனா இங்கே ஒரு சின்ன வித்தியாசம்: வந்த கேமை 8 மெகாபிட் மெமரி பேக்ல சேமிச்சுக்கலாம். சிலதை அஞ்சு தடவைதான் திறக்க முடியும்னு பூட்டு போட்டிருந்தாங்க, சரி. ஆனா பூட்டு போட்டாலும் பெட்டி வீட்டுல இருக்கே! 2000 ஜூன்ல சேவை நின்னு போச்சு. அப்புறம் பல வருஷம் கழிச்சு, பழைய சாமான் சந்தையில அந்த மெமரி பேக்குகளைத் தேடித்தேடி வாங்கி, உள்ளே மிச்சமிருந்த கேம்களை ஆர்வலர்கள் மீட்டெடுத்தாங்க. மீளாதது எதுன்னா, கேமோட சேர்த்து அந்தந்த நேரத்துல ஒலிபரப்பின குரலும் இசையும். அது மெமரி பேக்ல ஏறவே இல்லை. யாராவது வீடியோ டேப்ல பதிஞ்சு வெச்சிருந்தாத்தான் உண்டு.

கோட்டை அழிச்சது என் பார்வையில சந்தா இல்லை, ஸ்டீம்தான். 2004 நவம்பர்ல ஹாஃப் லைஃப் 2 வந்தது. கடையில காசு கொடுத்து டிஸ்க் வாங்கினவங்களும் இன்டர்நெட்ல ஸ்டீம் வழியா அனுமதி வாங்கினாத்தான் ஆட முடியும். டிஸ்க் கையில இருந்தும் சாவி வேற ஊர்ல. ஸ்டீமை நானும் தினம் பயன்படுத்தறவன்தான், தள்ளுபடி வந்தா முதல் ஆளா நிப்பேன். அதுக்காக நடந்தது நடக்கலைன்னு ஆயிடுமா?

2013ல மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன்ல 24 மணி நேரத்துக்கு ஒருதடவை நெட்ல தலையைக் காட்டணும்னு சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டது. அதுக்கு சோனி போட்ட வீடியோவை இன்னைக்குப் பார்த்தாலும் சிரிப்பு வரும்: கேமை எப்படிப் பகிர்றது? ஒருத்தர் டப்பாவை இன்னொருத்தர் கையில கொடுக்கிறார், முடிஞ்சது. அந்த ஜூன்லயே மைக்ரோசாஃப்ட் பின்வாங்கிடுச்சு. நாலு வருஷம் கழிச்சு 9.99 டாலருக்கு கேம் பாஸ்னு வந்தப்போ அதே ஜனங்க கைதட்டினாங்க. 2025 அக்டோபர்ல அதோட உயர் ரகச் சந்தா 19.99லேர்ந்து 29.99க்குத் தாவினப்போதான் முணுமுணுப்பு.

நான் வேலை பார்க்கிற மென்பொருளும் மாசக் கட்டணம்தான், அதனால சந்தாவைத் திட்ட எனக்கு வாய் வராது. எனக்கு எரியறது 'வாங்கு'ன்னு எழுதியிருக்கிற பட்டன். 2014ல வந்த தி க்ரூங்கிற கார் ரேஸ் கேமை எடுத்துக்குங்க. முழு விலைக்கு வித்தாங்க. தனியா ஓட்டினாலும் யூபிசாஃப்ட் சர்வர் வேணும். 2024 மார்ச் 31ல சர்வரை நிறுத்தினாங்க. அடுத்த மாசம், வாங்கினவங்க கணக்குல இருந்து அந்த கேமுக்கான உரிமத்தையே எடுத்துட்டாங்க. கேஸ் போட்டவங்களுக்குக் கம்பெனியோட பதில்: நீங்க வாங்கினது உரிமம்தான், கேம் இல்லை. சேகா சேனல்ல 15 டாலர் கட்டின பையனுக்கு முதல் நாளே தெரிஞ்ச சமாசாரம் இவங்களுக்குப் பத்து வருஷம் கழிச்சுத் தெரிஞ்சது.

அந்த வருஷம் செப்டம்பர்ல கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது. டிஜிட்டல் பொருளை விக்கறவங்க, அது வெறும் உரிமம்தான்னு தெளிவாச் சொல்லாம 'வாங்கு'ன்னு போடக் கூடாது. 2025 ஜனவரி 1லேர்ந்து அமல். அமலுக்கு முன்னாடியே ஸ்டீம் பணம் கட்டுற பக்கத்துல அந்த வரியைச் சேர்த்துடுச்சு. சின்ன எழுத்துல இருக்கும், அடுத்த தடவை பாருங்க.

தி க்ரூ முழுசா சாகலை. 2025 செப்டம்பர்ல ரசிகர்கள் சிலர் தாங்களே ஒரு சர்வர் மென்பொருள் எழுதி வெளியிட்டாங்க. கம்ப்யூட்டர்ல மட்டும்தான் ஓடும், அதுவும் பழைய கேமோட ஃபைல்களை அழிக்காம வெச்சிருந்தா.