ஊரு வந்துடுச்சா?

விஸ்காம் மூன்றாம் ஆண்டில் எங்களுக்குக் கொடுத்த வேலை ரொம்பச் சின்னது. ஒரு பேய்ப்படத்தின் தொடக்கத்தை மட்டும் எடுத்து வர வேண்டும். இரண்டு நிமிடம். முழுக்கதை வேண்டாம், முடிவு வேண்டாம். அடுத்து என்ன ஆகும் என்று பார்க்கிறவன் கேட்டால் போதும்.

வகுப்பில் பாதிப் பேர் அன்றைக்கே ரஞ்சன்குடி கோட்டைக்குப் போவதென்று முடிவு பண்ணிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெரம்பலூர்க்காரனுக்குப் பயமான இடம் என்றதும் நினைவுக்கு வருவது அதுதான். 17ஆம் நூற்றாண்டுக் கோட்டை, அகழி, இருட்டான அறைகள். 1751இல் ஒரு பக்கம் ஆங்கிலேயர், இன்னொரு பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் என்று வாலிகண்டபுரம் வட்டாரத்தில் சண்டை நடந்திருக்கிறது. ஆனால் கோட்டையில் எடுக்க நினைத்த யாருடைய ஸ்கிரிப்டிலும் 1751 இல்லை. நாலு நண்பர்கள் பைக்கில் வருகிறார்கள், ஒருத்தன் டார்ச் அடிக்கிறான், பின்னால் வெள்ளைப் புடவை நகர்கிறது. அந்தப் புடவைக்காரி யார், எந்த ஊர், எப்படிச் செத்தாள் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

அந்தப் பொண்ணு எங்கிருந்து வந்தாள் என்று தேட ஆரம்பித்ததில்தான் இந்தக் கட்டுரைக்கான விஷயங்கள் கிடைத்தன.

உலகின் முதல் பேய்ப்படம் என்று பலரும் சொல்வது பிரான்சில் ஜார்ஜ் மெலியே 1896இல் எடுத்த சில நிமிடப் படத்தை. அதன் தொடக்கமே ஒரு கோட்டைதான். வௌவால் ஒன்று உள்ளே பறந்து வந்து சாத்தானாக மாறும். மெலியே மேஜிக் காட்டுகிறவர், அவருக்கு அது வித்தை. கோட்டையில் செத்தவர்களைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. அங்கிருந்து நேராக எங்கள் வகுப்புக்கு ஒரு கோடு போடலாம்.

வெள்ளைப் புடவை வந்த வழி வேறு. 1964இல் இந்தியில் 'வோ கௌன் தீ' வந்தது. மழை இரவில் டாக்டர் ஒருவர் கார் ஓட்டி வருகிறார். நடுவழியில் வெள்ளைப் புடவையில் ஒரு பெண். ஏற்றிக்கொள்கிறார். அவள் வழி சொல்லிச் சொல்லிக் கடைசியில் கார் நிற்பது கல்லறைத் தோட்டத்தில். இரண்டு வருஷத்தில் அது ஜெய்சங்கர், ஜெயலலிதா நடித்த 'யார் நீ?' என்று தமிழுக்கு வந்தது. அறுபது வருஷம் ஆகியும் நம்முடைய குறும்படங்களில் அந்தப் பெண் இன்னும் லிஃப்ட் கேட்டுக்கொண்டே நிற்கிறாள். நல்ல தொடக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தில் அவள் யார் என்பதுதான் மொத்தக் கதையும். நாம் எடுத்துக்கொண்டது புடவையை மட்டும்.

மாணவர்கள் எடுத்த படம் என்றால் 'ஊமை விழிகள்' பேச்சு வராமல் இருக்காது. 1986, ஆகஸ்ட் 15. சென்னைத் திரைப்படக் கல்லூரியில் படித்து வெளியே வந்த பையன்கள் சேர்ந்து செய்த வேலை. ஆபாவாணன் எழுத்து, அரவிந்தராஜ் இயக்கம், சினிமாஸ்கோப், மேலே விஜயகாந்த். பேயே இல்லாத படம் அது. ஆனாலும் இரவில் ஓடும் அந்தக் குதிரை வண்டியையும் கிழவியையும் பார்த்துவிட்டுத் தனியாக வீட்டுக்குப் போகப் பயந்ததாக எங்கள் அப்பா தலைமுறையில் சொல்லாத ஆள் கிடையாது. காணாமல் போகும் பெண்களைத் தேடும் ஒரு பத்திரிகை அலுவலகம் அதில் இருந்தது. செத்தவர்களுக்காக யாரோ கவலைப்பட்டார்கள். அந்தப் பயத்துக்கு எடை வந்தது அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி அரியலூர்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு அரியலூர் ரயில் விபத்து ஒரு மார்க் கேள்வி. விபத்துக்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகிய ரயில்வே அமைச்சர் யார்? லால் பகதூர் சாஸ்திரி. முடிந்தது. 1956 நவம்பர் 23, விடியற்காலை. சென்னையிலிருந்து தூத்துக்குடி போன எக்ஸ்பிரஸ். விடாத மழையில் மருதையாற்றில் வெள்ளம், பாலத்தை ஒட்டிய கரையை ஆறு அரித்துவிட்டது. எஞ்சினும் முன்பக்கப் பெட்டிகளும் தண்ணீருக்குள் போயின. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதே வருஷம் மகபூப்நகரில் பாலம் உடைந்து ரயில் கவிழ்ந்தபோதே சாஸ்திரி ராஜினாமா கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார்.

சாஸ்திரியின் நேர்மை பெரிய விஷயம், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தச் சம்பவத்தை எங்கே படித்தாலும் செத்தவர்கள் அந்த ராஜினாமாவுக்கு அடிக்குறிப்பு மாதிரிதான் வருகிறார்கள். ஒரு பெயர்கூட என் தலைமுறை ஆளுக்குத் தெரியாது. இன்னொரு பொருத்தம்: பெரம்பலூரிலிருந்து பிரிந்து அரியலூர் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2007ஆம் ஆண்டு, அதே நவம்பர் 23. நாள் குறித்தவர்களுக்கு விபத்து ஞாபகத்தில் இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

ரயிலுக்கும் சினிமாவுக்கும் எங்கள் பக்கத்தில் பழைய உறவு உண்டு. தென்னிந்தியாவில் ஊர் ஊராகக் கொட்டகை போட்டுப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் ரயில்வே வரைவாளராக வேலை பார்த்தவர். 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படங்களையும் வாங்கி, வேலையை விட்டுவிட்டுக் கிளம்பினார். அன்றைக்குப் பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டம்தான். பெரம்பலூருக்கு இன்று வரை ரயில் கிடையாது என்பது தனிக்கதை. ரயில் பார்க்க நாங்கள் அரியலூர்தான் போக வேண்டும். சின்ன வயசில் எனக்கு அது ஒரு சுற்றுலா.

ஆக, மருதையாற்றை வைத்துத் தொடங்குவது என்று நான் சொன்னேன். கேமரா பிடிக்கிற நண்பனுக்கு ஒரே சந்தோஷம். பாலம், வெள்ளம், ஆற்றுக்குள்ளிருந்து எழுந்து வரும் கைகள் என்று அடுக்கினான். எனக்கு அங்கேதான் இடித்தது. தனுஷ்கோடிக்கு என்ன நடந்தது என்று பார்த்தாலே தெரியும். 1964 டிசம்பர் புயலில் பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது. இன்று அந்த இடத்தில் வீடியோ எடுக்கிறவர்கள் 'பேய் நகரம்' என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். பக்கத்திலேயே மீனவர்கள் குடிசை போட்டு வலை காயவைத்துக்கொண்டு இருக்கிறார்கள். பேய் என்று பட்டம் கட்டிவிட்டால் செத்தவன் நமக்குச் சொந்தக்காரன் இல்லை என்று ஆகிவிடுகிறது.

அப்பாயியிடம் கேட்டேன். 1956இல் அதற்குப் பத்து வயசு இருக்கலாம். விபத்தை அது பார்க்கவில்லை, பெரியவர்கள் பேசிக் கேட்டதுதான். "அந்த ஆத்துல பேய் இருக்குன்னு சொல்லுவாங்களா அப்பாயி?" என்றேன்.

"எவன் சொன்னது? அவங்கல்லாம் இந்த ஊரு ஆளுங்களாடா? தூத்துக்குடி போறவங்க, நடுவுல இறங்குறவங்க. செத்தாலும் அவங்க ஊருக்குத்தான் போவாங்க. இங்க என்ன வேல அவங்களுக்கு?"

அவ்வளவுதான் சொன்னது. அதுக்கு மேலே கேட்டதற்கு, காபி ஆறிப்போவுது குடி என்றது.

பேய்க்கதையில் வழி மாறி வந்தவர்களும் தங்க இடம் கேட்கிறவர்களும் முக்கியம் என்பது எங்கள் மண்ணுக்குத் தெரியாத விஷயமில்லை. சிறுவாச்சூர் மதுரகாளி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலில் இருந்த செல்லியம்மனை ஒரு மந்திரவாதி கட்டிப்போட்டு ஆட்டுவிக்கிறான். வெளியூரிலிருந்து வந்த ஒருத்தி, ராத்திரி தங்க இடம் கேட்கிறாள். வந்தவள் காளி. மந்திரவாதி ஒழிகிறான், செல்லியம்மன் இடத்தைக் கொடுத்துவிட்டுப் பெரியசாமி மலைக்குப் போகிறாள். இன்றைக்கும் அந்தக் கோயில் திங்கள், வெள்ளி மட்டும்தான் திறக்கும். மற்ற நாளில் காளி அங்கே இல்லை என்று ஊரில் சொல்வார்கள். இரண்டு நிமிடத் தொடக்கத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? வெள்ளைப் புடவை நிற்கிற அதே வழிதான். ஆனால் இவளுக்குப் போக வேண்டிய இடமும் முடிக்க வேண்டிய வேலையும் இருக்கிறது.

நிஜமான சாவை வைத்துத் தொடங்கலாமா என்ற கேள்விக்கு எனக்கு விடை கொடுத்தது 1954இல் வந்த இரண்டு படங்கள். ஒன்று எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்'. பேய்ப்படம் இல்லை, பாட்டு இல்லை, சண்டை இல்லை. ரேடியோ எஞ்சினியராக வரும் சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுவதில்தான் படமே தொடங்குகிறது. நாயகனை முதலிலேயே கொன்றுவிட்டார்கள். கதை நடப்பது 1943இல், சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த நேரம். படம் பார்க்க வந்தவர்களில் பலர் போர்க்காலத்தில் ஊரைக் காலி பண்ணிக்கொண்டு ஓடியவர்கள். அந்தத் துப்பாக்கிச் சத்தம் அவர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இன்னொன்று ஜப்பானில் இஷிரோ ஹோண்டா எடுத்த 'கோட்ஸில்லா'. நாம் அதைப் பொம்மைப் பல்லி படம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். முதல் காட்சியைப் பாருங்கள். ஒரு சின்னக் கப்பல், மேல்தளத்தில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தர் மவுத் ஆர்கன் வாசிக்கிறார், சிலர் காய் நகர்த்தி விளையாடுகிறார்கள். திடீரென்று கடல் கொதிக்கிறது, கண்ணைப் பறிக்கும் வெளிச்சம், கப்பல் எரிகிறது. அந்த வருஷம் மார்ச் 1ஆம் தேதி பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடித்துச் சோதித்தது. தூரத்தில் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகின் 23 பேர் மீதும் கதிரியக்கச் சாம்பல் விழுந்தது. செப்டம்பரில் அவர்களில் வயர்லெஸ் பார்த்தவர் இறந்தார். நவம்பரில் படம் வந்தது. படத்தில் அந்தப் படகின் பெயர் இல்லை, தேவையும் இல்லை. தியேட்டரில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ஹோண்டா முதலில் காட்டியது மவுத் ஆர்கனை. மிருகம் வர நெடுநேரம் ஆகும்.

நண்பனுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். கைகளை விட்டுவிட்டான்.

பாலத்தில் எடுக்கவே முடியாது. தண்டவாளத்தில் நடந்தாலே ரயில்வே சட்டப்படி குற்றம், அனுமதி வாங்கக் கட்டணம் எங்கள் மொத்த பட்ஜெட்டைத் தாண்டும். பட்ஜெட் என்பது நாலு பேர் போட்ட டீச்செலவு. அதனால் ரயிலைக் காட்டாமல் ரயிலுக்குள் இருப்பதாகக் காட்ட வேண்டியிருந்தது. இடித்த ஓட்டு வீட்டிலிருந்து படுக்கைக் கம்பி போட்ட பழைய ஜன்னல் ஒன்று கிடைத்தது. அதன் முன்னால் ஒரு மர பெஞ்சு. ஒருத்தன் பெஞ்சை லேசாக ஆட்ட, இன்னொருத்தன் எல்.ஈ.டி. விளக்கை ஜன்னலுக்கு வெளியே இழுத்துக்கொண்டு ஓட, ஸ்டேஷன் விளக்கு கடந்து போவது மாதிரி வந்துவிட்டது. மருந்தடிக்கிற ஸ்ப்ரேயரில் தண்ணீர் ஊற்றி மழை. சத்தத்துக்குத் தகரக் கொட்டகைமேல் ஹோஸ் பிடித்தோம்.

பெஞ்சில் ஒரு அம்மா, மடியில் பையன். தூக்குவாளி, மடித்த ஜமக்காளம். பையன் தூக்கத்தில் முழித்து, "ஊரு வந்துடுச்சா?" என்று கேட்கிறான். "இன்னும் இல்லடா, தூங்கு." அவன் மறுபடி கண்ணை மூடுகிறான். அவள் மூடவில்லை. எழுபது நொடி இவ்வளவுதான். பிறகு இருட்டு, தண்ணீர்ச் சத்தம்.

மிச்சம் ஐம்பது நொடிக்கு நான் ரொம்ப நம்பியது மக்காச்சோளத்தை. பெரம்பலூர் பக்கம் நவம்பரில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். காற்றடித்தால் இலையோடு இலை உரசும் சத்தம் இருக்கிறதே, நடு ராத்திரியில் கேட்டவனுக்குத் தெரியும், யாரோ பக்கத்து வரிசையில் கூடவே நடந்து வருகிற மாதிரி இருக்கும். எந்த சவுண்ட் லைப்ரரியிலும் அது இல்லை. அந்தக் காட்டுக்குள் அரிக்கேன் விளக்கோடு ஒருத்தர் நடக்கிறார். மழைக்காலத்தில் லைனைப் பார்த்துக்கொண்டு போகிற கேங்மேன். நிற்கிறார். விளக்கைத் தூக்குகிறார். சோளத்துக்குள்ளிருந்து குழந்தைக் குரல்: "ஊரு வந்துடுச்சா?"

அவர் ஓடக்கூடாது என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். நண்பன் ஓட வேண்டும் என்றான், ஓடினால்தான் பேய்ப்படம் என்றான். இரண்டு விதமாகவும் எடுத்தோம். வகுப்பில் காட்டியதில் அவர் ஓடவில்லை. விளக்கைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்து, வழி காட்டுவது மாதிரி, திரும்பி நடக்கிறார். பின்னால் சோளத் தட்டை ஒவ்வொன்றாக அசைகிறது. ஒன்று, ரெண்டு என்று தொடங்கி ஒரு வரிசையே அசைகிறது.

தேதி போடவில்லை, ஊர் பெயர் போடவில்லை. பார்த்தவர்களில் அரியலூர்ப் பொண்ணு ஒருத்தி மட்டும், "இது மருதையாறுதானே?" என்றாள். மற்றவர்கள் பேய் எப்போ வரும் என்று கேட்டார்கள். கேட்டால் போதும் என்றுதான் வேலை கொடுத்தார்கள், ஆகவே மார்க் வந்தது.

முழுசாக எடுக்கலாம் என்று நண்பன் இப்போது நச்சரிக்கிறான். அவர் அவர்களை எந்த ஸ்டேஷனில் ஏற்றிவிடுவார் என்று இன்னும் எழுதவில்லை. தை பிறந்து சோளத்தையும் அறுத்துவிட்டார்கள், காட்டில் வெறும் தாள்தான் நிற்கிறது. எப்படியும் அடுத்த கார்த்திகை வரை பொறுக்க வேண்டும்.