அழிவின் பின் சிறுவர் குரல்: ஒலி நாடகம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அழிவுகளை இயற்கையின் சீற்றம் எனக் கூறி அமைவது வரலாற்று நோக்காகாது. 1964 டிசம்பர்ச் சூறாவளியும் 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையும் திருகோணமலையைத் தாக்கின. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் போரும் இடப்பெயர்வும் குடும்பங்களைச் சிதறடித்தன. பட்டறிவு தலைமுறை கடக்கும் வழியும் அதனாற் குன்றிற்று என்பது எமது கருத்து.

ஈழத்து அரங்கு இவ்வடுக்களைப் புறக்கணிக்கவில்லை. குழந்தை ம. சண்முகலிங்கம் 'அன்னை இட்ட தீ' நாடகத்திலே போரின் உளப்பாதிப்புகளைப் பொருளாக்கினார். மட்டக்களப்பில் 1996இல் தோன்றிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, போரால் நலிந்த சிறுவர்க்குக் கதையினூடும் கலையினூடும் ஆறுதல் தேடியது.

இம்மரபுடன் இலங்கை வானொலி வளர்த்த குரற்கலையை இணைக்கவல்லது ஒலி நாடகம். மேடையும் ஒப்பனையும் இதற்கு வேண்டா. தகரத்தை அசைத்தால் இடி. சுளகில் நெல்லை உருட்டினால் கடலலை. முகம் மறைந்திருத்தலாற் கூச்சமுள்ள பிள்ளையும் பேசும். தன் துயரைப் பிறிதொரு பாத்திரத்தின் வாயிலாகச் சொல்லும். அன்புவழிபுரம் போன்ற ஊர்களில் மாணவர் முதியோரிடம் 1964ஐக் கேட்டெழுதி நாடகமாக்குவராயின், அஃது உள ஆற்றுப்படுத்தலாக மட்டுமன்றி ஊரின் ஆவணமாகவும் அமையும்.

எனினும் ஒன்றை நாம் வலியுறுத்துவோம். பிள்ளையின் மனத்திடம் பாதுகாப்பான வீட்டுக்கோ முன்னெச்சரிக்கைக்கோ ஈடாகாது. துயரைச் சொல்லச் செய்துவிட்டுக் கேளாதிருத்தல் மற்றோர் அநீதியாகும். கேட்கும் கடமை பள்ளிக்கு மட்டுமன்று, சமூகத்துக்கும் அரசுக்கும் உரியது.