விற்றதைக் கண்டவர் யார்?

நிருபராகத் தொழிலைத் தொடங்கிய ஆண்டுகளில் நீதவான் நீதிமன்றச் செய்திகளைச் சேகரிப்பது என் வேலையாக இருந்தது. கசிப்பு வழக்கு இல்லாத நாள் அரிது. முத்திரையிட்ட போத்தல் மேசைமீது இருக்கும். அதற்குள் இருப்பது என்ன என்பதில் எவருக்கும் ஐயமில்லை. விற்கப்பட்டதா, விற்றவர் இவர்தானா என்பதைச் சுற்றியே வாதம் நடக்கும்.

களவு வழக்கில் பொருளை இழந்தவர் முறைப்பாட்டுடன் வருவார். அனுமதிப்பத்திரமின்றி மது விற்ற வழக்கில் அப்படி எவரும் இல்லை. விற்றவர் வாய் திறக்கமாட்டார். வாங்கியவருக்கோ நாளையும் அதே வாசலுக்குப் போகவேண்டிய தேவை இருக்கிறது. அப்படியாயின் சாட்சி எங்கிருந்து வருவார்? இக்கேள்விக்குப் பணத்தால் விடை காண முயன்றது 18ஆம் நூற்றாண்டின் பிரித்தானியப் பாராளுமன்றம். அதன் விளைவுகளை இலண்டன் வீதிகள் ஏழு ஆண்டுகள் அனுபவித்தன.

1736ஆம் ஆண்டின் ஜின் சட்டம் அவ்வாண்டு செப்டெம்பர் 29ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இரண்டு கலனுக்குக் குறைந்த அளவில் ஜின் விற்பவர் ஆண்டுக்கு 50 பவுண் கொடுத்து அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். பெறாமல் விற்ற கடைக்காரருக்கு 100 பவுண் தண்டம். கூடையிலும் தள்ளுவண்டியிலும் வைத்து விற்பவருக்கு 10 பவுண். 50 பவுண் என்பது சிறு வியாபாரி ஒருவர் கனவிலும் காணாத தொகை. ஆகவே அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள் மிகச் சிலரே. ஏனையோர் முன்போலவே விற்றனர்.

அவர்களைப் பிடிக்க இன்றுள்ளது போன்ற பொலிஸ் படை அன்று இருக்கவில்லை. அதனால் துப்புக் கொடுப்பவருக்குத் தண்டத்தில் பாதி என்று சட்டம் வகுத்தது. தெருவில் ஒரு கிண்ணம் ஜின் வாங்கிக் குடித்துவிட்டு, சமாதான நீதவான் முன்சென்று சத்தியம் செய்தால் 5 பவுண் கிடைக்கும். ஒரு கூலியாளுக்கு அது பல வார வருமானம். ஜூரிகள் இல்லை; ஒருவரின் வாய்மொழியே தண்டனைக்குப் போதுமானதாக இருந்தது. சாட்சியத்தின் நம்பகத்தன்மை சாட்சி பெறும் நலனைப் பொறுத்தது என்பது சட்டம் படிக்காத எவருக்கும் தெரிந்த விடயம். இங்கோ தீர்ப்பு எப்படி அமையவேண்டும் என்பதில் சாட்சிக்கே பங்கு இருந்தது.

அகப்பட்டவர்கள் பெரும்பாலும் ஏழைகள். அவர்களில் பெண்கள் மிகப் பலர். வடிசாலைகளை நடத்திய செல்வந்தர் எவரும் அந்தக் கூண்டில் ஏறவில்லை. தெருவில் விற்ற பெண்ணிடம் 10 பவுண் ஏது? தண்டம் கட்ட முடியாதவர் இரண்டு மாதம் சிறையிலிருந்தார். அவரிடமிருந்து காசு வராததால் துப்புக் கொடுத்தவரும் வெறுங்கையுடன் திரும்பினார். இதனைக் கண்ட பாராளுமன்றம் 1737இல் மற்றொரு சட்டத்தின் மூலம், அத்தகைய வழக்குகளில் வெகுமதியை மதுவரி ஆணையாளர்களே கொடுக்க வழிசெய்தது. அதன்பிறகு துப்புக் கொடுப்பது முழுநேரத் தொழிலாயிற்று. தண்டம் கட்டாத தெரு வியாபாரிகளுக்குக் கசையடியும் சேர்ந்தது.

மக்கள் தம் தீர்ப்பைத் தாமே வழங்கினர். துப்புக் கொடுத்தவர்களைத் துரத்திச் சென்று சேற்றில் புரட்டினர், கல்லெறிந்தனர், சிலர் உயிரிழந்தனர். 1738 ஜனவரியில் நீதவான் தோமஸ் டி வெய்லின் வீட்டைப் பெருங்கூட்டம் முற்றுகையிட, அவர் கலகச் சட்டத்தை வாசிக்கவேண்டியதாயிற்று. துப்புக் கொடுப்போரைத் தாக்குவதைப் பாரதூரமான குற்றமாக்கி அதே ஆண்டு இன்னொரு சட்டம் வந்தது.

இதற்கிடையில் சட்டத்தைப் பொறுமையாக வாசித்த ஒருவரும் இருந்தார். டட்லி பிராட்ஸ்ட்ரீட் என்னும் அயர்லாந்துக்காரர். துப்புக் கொடுப்பவர் வீட்டை வாடகைக்கு எடுத்தவரின் பெயரைச் சொல்லவேண்டும்; கதவை உடைத்து நுழைய எவருக்கும் அதிகாரமில்லை. இந்த இரண்டு ஓட்டைகளை அவர் கண்டுகொண்டார். தெரிந்தவர் ஒருவரின் பெயரில் புளூ ஆங்கர் சந்தில் வீடொன்றை எடுத்து, தெருவோரச் சன்னலில் பூனையின் உருவமொன்றை அறைந்தார். அதன் பாதத்தின் கீழ் ஈயக் குழாய் ஒன்றின் முனை. வருபவர் காசைப் போட்டுப் பூனையிடம் கேட்பார். உள்ளிருந்து ஊற்றப்படும் ஜின் குழாய்வழி வரும். வாங்கியவர் சத்தியம் செய்து சொல்லக்கூடியது ஒரு பூனையைக் கண்டதாக மட்டுமே. 13 பவுணுக்கு ஜின் வாங்கித் தொடங்கிய இவ்வியாபாரத்தைப் பிறரும் பின்பற்றியதால் தாம் கைவிட்டதாக, 1755இல் வெளியிட்ட தன் வரலாற்றில் அவர் எழுதினார். ஒன்றைச் சொல்லிவிடவேண்டும்: இக்கதையின் விவரங்களுக்கு அவருடைய சொல்லே ஆதாரம். தன்னைப் பற்றிக் குறைத்துச் சொல்லும் வழக்கம் அந்த மனிதருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

1743இல் பாராளுமன்றம் பின்வாங்கியது. அனுமதிப்பத்திரக் கட்டணம் 50 பவுணிலிருந்து 1 பவுணாக இறங்கியது.

கூலிச் சாட்சிகளை நம்பி நடந்த அந்தச் சோதனை தோற்று ஒரு நூற்றாண்டு கழித்து, அதே சிக்கலை அமெரிக்க மாநிலங்கள் எதிர்கொண்டன. மஸாசூசெட்ஸ் மாநிலம் 1838இல் 15 கலனுக்குக் குறைந்த மதுபான விற்பனையைத் தடுத்தபோது, டெடம் நகரில் ஒருவர் கூடாரமிட்டு, பன்றியொன்றின் உடலில் கோடுகளை வரைந்து, பார்ப்பதற்குக் கட்டணம் வாங்கினார். காசு பன்றியைப் பார்ப்பதற்கு. உள்ளே கொடுக்கப்பட்ட மது இலவசம். அதாவது ‘விற்பனை’ நடக்கவில்லை.

இம்முறை சட்டமியற்றியவர்கள் சாட்சியைத் தேடுவதைவிடச் சான்றின் விதியை மாற்றுவது இலகு என்று கண்டனர். குடியிருப்பு வீடு அல்லாத இடத்தில் மது கைமாறினாலே அது விற்பனைக்கு முதற்தோற்றச் சான்று என்றது மஸாசூசெட்ஸின் 1855ஆம் ஆண்டுச் சட்டம். காசு கொடுத்ததைக் காட்டத் தேவையில்லை. விற்கவில்லை என்பதற்கு விளக்கம் சொல்லவேண்டிய சுமை குற்றம் சாட்டப்பட்டவர்மீது இறங்கியது.

இதைவிட விசித்திரமான சான்று மத்திய அரசிடமிருந்தே கிடைத்தது. 1862 முதல் மது விற்பவரிடம் அது சிறப்பு வரி அறவிட்டு வந்தது. பின்னர் சில்லறை விற்பனையாளருக்கு ஆண்டுக்கு 25 டொலர் என்றானது. மதுவிலக்குள்ள மாநிலத்தில் களவாக விற்றாலும் இந்த வரி உண்டு. கட்டியதற்கான வரிச்சீட்டைக் கடையில் எவரும் காணும்படி மாட்டவும் வேண்டும். மத்திய அரசின் வழக்குக்கு அஞ்சியவர் ஒழுங்காக வரி கட்டினார். பல மாநிலங்கள் அந்த வரிச்சீட்டையே சட்டவிரோத விற்பனைக்கு முதற்தோற்றச் சான்றாக்கின. மருந்துக்காக மட்டும் மது வைத்திருந்து, முன்னெச்சரிக்கையாக வரி கட்டிய மருந்துக்கடைக்காரரும் இந்த வலையில் அகப்படக்கூடியவரானார். வரி கட்டியோர் பட்டியலின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை மாநில வழக்குத்தொடுநர் கேட்டால் கொடுக்கவேண்டும் என்று 1906இல் காங்கிரஸ் சட்டமியற்றியது.

வடக்கு டகோட்டா இன்னும் ஒருபடி சென்று, வரிச்சீட்டு வைத்திருப்பவர் அதனைத் தம் செலவில் பத்திரிகையில் விளம்பரப்படுத்தவேண்டும் என்றது. மத்திய வரி கட்டியதற்காகவே சுமத்தப்படும் சுமை அது என்று கூறி 1910இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அந்த ஏற்பாட்டைச் செல்லாததாக்கியது. அத்தகைய விளம்பரங்களை அச்சிட்டு வந்த உள்ளூர்ப் பத்திரிகைகளுக்கு அத்தீர்ப்பினால் எவ்வளவு வருமானம் போயிற்றோ என்று எண்ணிப் பார்ப்பது, என் தொழில் எனக்கு ஏற்படுத்திய பழக்கம்.