நாள்வசனம் (மொரேவிய சபை)

மொரேவிய சபையார் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேதவசனத்தைக் குறித்துவைத்து, அன்றைய ஜெபத்தையும் வேலையையும் அதன் துணையோடு தொடங்கும் வழக்கம். ஜெர்மனியின் சாக்சனியில், மொரேவியாவிலிருந்து வந்த அகதிகள் 1722 முதல் குடியேறிய ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் பிறந்தது. 1728 மே மாதத்தில் ஒரு மாலைக் கூடுகையில் அவர்களுக்குப் புகலிடம் தந்த சின்சென்டோர்ஃப் பிரபு மறுநாளுக்கென ஒரு வாக்கைச் சொன்னார். பின்னர் காலைதோறும் சகோதரர்கள் வீடு வீடாகச் சென்று அன்றைய வசனத்தை அறிவித்தனர். போன இடத்தில் நலமும் விசாரித்தனர். பின்னாளில் வந்த அச்சுப் புத்தகத்தைவிட இந்த வாசற்படிச் சந்திப்பே சபையை அதிகம் வளர்த்திருக்கும் என்று கருத இடமுண்டு. 1731ஆம் ஆண்டுக்கான தொகுப்பு முதன்முதலில் அச்சானது. அன்றுமுதல் ஆண்டுதோறும் வெளிவருகிறது.

நாளுக்குரிய பழைய ஏற்பாட்டு வசனம் இன்றும் ஹெர்ன்ஹூட்டில் சீட்டுப்போட்டே எடுக்கப்படுகிறது. அதற்கு இசைந்த புதிய ஏற்பாட்டு வசனத்தை மட்டும் ஆட்களே தேர்ந்தெடுக்கிறார்கள். விருப்பமான வசனங்களையே சுற்றிச்சுற்றி வாசிக்கும் பழக்கத்துக்கு இந்தச் சீட்டுமுறை நல்ல கடிவாளம்; ஆனால் நாள்வசனத்தைக் குறி கேட்பதுபோல் பயன்படுத்துவோரும் உண்டு. நாசி ஆட்சியை எதிர்த்த இறையியலாளர் போன்ஹோஃபர் நாள்வசனத்தைத் தவறாமல் வாசித்தவர்.