பதுளையில் ஒரு கடல்நீர்த் தொட்டி: தொடங்கலாமா, வேண்டாமா?

அக்காவின் மகனுக்குப் பன்னிரண்டு வயது. மட்டக்களப்பில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தபோதுதான் அவன் முதன்முதலாகக் கடலைப் பார்த்தான். பாசிக்குடாவில் அடிப்பக்கம் கண்ணாடி போட்ட படகொன்றில் ஏற்றிவிட்டோம். இறங்கி வந்தவன் அலையைப் பற்றியோ மணலைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. "சித்தி, அந்த மீனெல்லாம் வீட்டுல வளக்கலாமா?" என்று மட்டும் கேட்டான்.

பசறைப் பக்கத் தோட்டமொன்றில் அவர்களுடைய லயம். இஸ்தோப்பில் ஏழெட்டு ஹோர்லிக்ஸ் போத்தல்களில் கப்பி மீன் வளர்க்கிறான், இரண்டு வருடமாக. பேரன் ஆசைப்பட்டதைக் கேட்டதும் அப்பா, தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்து கிடைத்த சேமலாப நிதிப் பணத்தில் ஒரு பங்கைத் தருவதாகச் சொல்லிவிட்டார். அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தாள்: "நீதானே பத்திரிகைக்காரி. நல்லா விசாரிச்சுச் சொல்லு. அப்பா காசு தண்ணியில போயிறக் கூடாது."

இரண்டு மாதம் விசாரித்தேன். கடைகளில் கேட்டேன், வாசித்தேன், கல்குடாப் பக்கம் கடல்தொழில் செய்யும் மாமா மகனிடம் பேசினேன். இப்படியொரு ஆசை வேறு வீடுகளிலும் இருக்கும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நன்னீர் மீனுக்கும் கடல் மீனுக்கும் உள்ள வித்தியாசம். கப்பி வாழும் ஓடையும் வாய்க்காலும் மழைக்கு ஒரு மாதிரி, வெயிலுக்கு ஒரு மாதிரி மாறும். மாற்றத்தைத் தாங்கிப் பழகிய மீன் அது. பவளப்பாறை மீன் அப்படியல்ல. அதைச் சுற்றியுள்ள நீரின் உப்பும் சூடும் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பவை. ஆயிரம் பங்கு நீரில் 35 பங்கு உப்பு, 25 பாகை அளவு வெப்பம். கடல்நீர்த் தொட்டி வைப்பதென்றால், நூறு லீற்றர் தண்ணீரை அந்த நிலையில் அசையாமல் பிடித்து வைப்பது. மீன் அதற்குப் பிறகுதான்.

உப்பிலேயே பலர் தவறுகிறார்கள். பையன் கேட்டான், "ஆனையிறவு உப்பு வாங்கித் தண்ணியில கரைச்சா கடல் தண்ணிதானே சித்தி?" நியாயமான கேள்விதான். ஆனையிறவு உப்பளம் 1990இல் போரால் மூடப்பட்டு 2016இல் மீண்டும் இயங்கத் தொடங்கியது. அந்தப் பெயர் போட்ட உப்புப் பைக்கு எங்கள் வீட்டில் தனி மரியாதை உண்டு. ஆனால் அது கடல் அல்ல, கடலின் ஒரு பகுதி. உப்பளத்தில் நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்பு படியும், அடுத்துச் ஜிப்சம் படியும், அதன் பிறகுதான் நாம் சமையலுக்கு எடுக்கும் உப்பு பளிங்காகும். மகனீசியமும் பொற்றாசியமும் நிறைந்து மிஞ்சும் கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். வடித்துவிட்டதும் முன்னே படிந்ததும் இல்லாமல் கடல்மீன் நீண்ட நாள் வாழாது. கறியுப்பில் அயடீனும் கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்ப்பதும் வேறு. ஆகவே தொட்டிக்கென்றே எல்லாக் கனிமமும் சேர்த்துச் செய்த செயற்கைக் கடலுப்பு வாங்க வேண்டும். அது இறக்குமதிச் சரக்கு. நூறு லீற்றருக்கு மூன்றரைக் கிலோ. வாரம் பத்து லீற்றர் மாற்றினால் மாதம் ஒன்றரைக் கிலோ, மீன் இருக்கும்வரை.

அடுத்தது அந்த உப்பைக் கரைக்கும் தண்ணீர். மலைநாட்டில் தண்ணீருக்கு என்ன குறை என்று நானும் நினைத்தேன். ஆனால் தேயிலையின் கொப்புள நோய் இலங்கைக்கு வந்தது 1946இல். அன்று முதல் அதற்கு அடிக்கும் மருந்துகளில் முக்கியமானது செப்பு. மழைக்குச் செப்பு மண்ணோடு கழுவுண்டு இறங்கும். மனிதர் குடிக்கக்கூடிய சிறு அளவுச் செப்பே கடல் இறாலையும் நத்தையையும் கொல்லப் போதும். தேயிலை மலைக்குக் கீழே விழும் பீலித் தண்ணீரை நம்பித் தொட்டி வைக்க முடியாது. டவுன் குழாயில் குளோரின். இரண்டுக்கும் ஒரே வழி, ஆர்.ஓ. வடிகட்டி. சிறுநீரக நோய் பரவிய கிராந்துருக்கோட்டைப் பக்கத்தார்க்கும் வவுனியா வாசகர்க்கும் ஆர்.ஓ. தண்ணீரைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்பதால் குறைந்த அளவுக்கு நன்னீர் மட்டுமே ஊற்ற வேண்டும், உப்புநீர் அல்ல. புதியவர்கள் அதிகம் பிழை விடுவது இந்த இடத்தில்.

கடலிலிருந்தே நீர் கொண்டுவரலாமா? பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை, மஹாஓயா, புல்லுமலை, கரடியனாறு என்று இறங்கிச் செங்கலடியில் முடியும் ஏ5 வீதியை மட்டக்களப்பார் பதுளை வீதி என்பார்கள். 83 ஜூலையில் பதுளை டவுன் எரிந்த பிறகு எங்கள் மாமா குடும்பம் போனதும் இதே வீதியால்தான். 90இல் அங்கிருந்தும் எழும்பினார்கள். நான் சிறுமியாக இருந்த காலத்தில் அந்த வீதி எங்களுக்கு இல்லாத வீதி. இப்போது காலையில் வெளிக்கிட்டால் மத்தியானம் கடலைப் பார்க்கலாம். முதல் தடவைக்கு நூறு லீற்றர் கொண்டுவருவது நடக்கிற காரியம்தான். ஆனால் வாவித் தண்ணீர் ஆகாது, கரையோரத் தண்ணீரும் ஆகாது, மார்கழி வெள்ளம் கலந்த நீர் எந்த வகையிலும் ஆகாது. வாராவாரம் யார் போய் வருவது?

மின்சாரம்தான் எனக்கு அதிகம் யோசனை தந்தது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ தொட்டியைக் குளிர்விக்க வேண்டும். எங்களுக்குச் சூடாக்க வேண்டும். 100 வோட் சூடாக்கி நாளில் பாதி நேரம் எரிந்தால் மாதம் 36 அலகு. இருபது வோட் பம்பி இரவு பகலாக ஓடினால் 14. விளக்குக்கு 12. ஸ்கிம்மர் என்ற நுரை வடிகட்டிக்கு 7. மொத்தம் 69 அலகு. அக்கா வீட்டில் மாதம் செலவாவது ஐம்பது அலகுதான். 60ஐத் தாண்டினால் கட்டண முறையே மாறி எல்லா அலகுக்கும் விலை ஏறும் என்பது கரண்ட் பில் கட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

பில்லாவது கட்டிவிடலாம். மின்சாரமே இல்லாமல் போனால்? பம்பி நின்றால் நீரில் ஒட்சிசன் குறையத் தொடங்கும். மீன் நிறைந்த தொட்டிக்குச் சில மணித்தியாலம்தான் தவணை. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9 பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதில் நாடே இருண்டது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது எங்கள் மாவட்டத்தில் மண்சரிவில் ஊர்கள் புதைந்தன, பல தோட்டங்களில் நாட்கணக்கில் வெளிச்சமில்லை. அந்த நாட்களில் யாருக்கும் மீனைப் பற்றி நினைக்க நேரமிருந்திருக்காது. அதுவும் கணக்கில் சேர வேண்டியதுதான். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பி ஒன்று இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

லயத்துக்கென்று தனிப் பிரச்சினைகளும் இருக்கின்றன. நூறு லீற்றர் தண்ணீரோடு கல், மணல், கண்ணாடி, மேசை சேர்ந்தால் நூற்றைம்பது கிலோவைத் தாண்டும். பழைய காம்பராத் தரை எல்லாம் அதைத் தாங்காது. காற்றுப் பம்பி அறையிலுள்ள காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீரில் விடுகிறது. விறகடுப்புப் புகை, நுளம்புச் சுருள், பூச்சிக்கு அடிக்கும் ஸ்பிரே எல்லாம் அதன் வழியாக உள்ளே போகும்.

இவ்வளவும் சரிவந்தாலும் உடனே மீன் விட முடியாது. மீனின் கழிவு அமோனியா ஆகும், அது நஞ்சு. ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்று ஆக்கும், அதுவும் நஞ்சு. இன்னொரு வகை அதை நைத்திரேற்று ஆக்கும், அது ஓரளவு தாங்கக்கூடியது. இந்தப் பற்றீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேற நாலிலிருந்து ஆறு கிழமை எடுக்கும். தொட்டி கண்ணுக்குத் தெளிவாக, அழகாக, வெறுமையாக நிற்கும் அந்த ஆறு கிழமையைப் பொறுக்க முடியாதவர்களின் மீன்தான் முதல் மாதத்திலேயே சாகிறது.

இனி மீன். நன்னீர் வளர்ப்பு மீன்களில் மிகப் பெரும்பாலானவை குளங்களில் இனம் பெருக்கியவை. கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை இன்றும் கடலில் பிடிக்கப்படுபவை. எங்கள் கிழக்குக் கடலும் அதில் ஒரு பங்கு கொடுக்கிறது. திருகோணமலை, மட்டக்களப்புப் பாறைகளில் பிடித்ததைக் கொழும்பு, நீர்கொழும்புப் பக்கத்து ஏற்றுமதியாளரிடம் கொண்டுபோவார்கள். கல்குடாவில் பிடித்த மீன் ஒன்று பதுளைக்கு வர வேண்டுமானால் நாட்டைக் குறுக்கே கடந்து மேற்குக் கரைக்குப் போய், அங்கே தொட்டியில் கிடந்து, மறுபடி ஒட்சிசன் அடைத்த பையில் மலையேற வேண்டும். நேர் வீதி இருக்கிறது. சந்தை அந்த வழியில் இல்லை.

மாமா மகன் கொஞ்சக்காலம் இப்படி மீன் பிடிப்பவர்களின் படகில் ஆளாக நின்றவர். "வலைக்குள்ள வாற மீனெல்லாம் கொழும்புக்குப் போய்ச் சேராது மச்சாள்" என்றார். சிலிண்டர் கட்டி ஒரே நாளில் பல தடவை இறங்கி ஏறுவார்களாம். அவசரமாக ஏறினால் இரத்தத்தில் கரைந்த நைதரசன் குமிழியாகி மூட்டையும் நரம்பையும் தாக்கும். காலே விழுந்துபோனவர்கள் உண்டு. மொக்சி வலை என்று ஒன்று இருந்தது. பவளத்தின் மேல் குடைபோல் போர்த்தி, கம்பியால் பவளத்தை இடித்து, மீனைக் கலைத்துப் பிடிப்பது. 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் ஒழுங்குவிதிகள் அதைத் தடை செய்தன. உயிர்ப் பவளத்தை எடுப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம்; யாராவது "நம்ம கடல் பவளம்" என்று கொண்டுவந்து தந்தால் வாங்காதீர்கள். புறாத்தீவு 2003இல் தேசிய பூங்காவானது, காயங்கேணிப் பாறை 2019இல் கடல் சரணாலயமானது. எஞ்சியிருப்பது குறைவு என்பதால்தான் இந்தக் காவல்.

பையன் கேட்பது கோமாளி மீன், அதாவது 'நீமோ'. கடல் மீன்களில் அது ஒரு நல்ல தெரிவு. தொட்டியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கக்கூடியது. தமிழ்நாட்டில் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையத்திலும், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும் இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கிறார்கள். எல்லாக் குஞ்சும் ஆணாகவே பிறந்து, கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். இதைச் சொன்னபோது அக்கா நம்பவில்லை. நன்றாகப் பார்த்தால் இருபது ஆண்டு வாழ்ந்ததும் உண்டு. கடல் தாமரை இல்லாமலும் வாழும். வாங்கும்போது கடைக்காரரிடம் மூன்று கேள்வி: வளர்த்ததா பிடித்ததா, எத்தனை நாளாக இங்கே இருக்கிறது, என் முன்னால் சாப்பிடுமா? வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல பவளத்தையே தின்பவை, தொட்டியில் பட்டினியில் சாகும். நீல டாங் நூறு லீற்றருக்குள் அடங்காது.

கடைக்காரர் சொன்ன விலைகளைக் கூட்டினால், மீன் வாங்காமலே அக்காவின் மூன்று மாதச் சம்பளம் வந்தது. 2024இல் நாட்சம்பளம் 1,350 ஆன பிறகு போட்ட கணக்கு இது. அப்பாவின் காசைத் தொடாதீர்கள் என்று சொல்லத் தீர்மானித்துவிட்டேன். அந்த நேரத்தில்தான் மொலி மீன் நினைவுக்கு வந்தது.

பதுளை டவுனில் எந்த மீன் கடையிலும் கிடைக்கும் கறுப்பு மொலி நன்னீர் மீன் என்றுதான் நினைக்கிறோம். அதன் உறவுகள் ஆறு கடலில் சேரும் இடங்களில் வாழ்பவை. சில கிழமையில் உப்பைக் கொஞ்சங் கொஞ்சமாக ஏற்றினால் முழுக் கடல்நீரிலும் வாழும், குட்டியும் போடும். பாறையிலிருந்து பிடித்து வந்ததல்ல, குளத்தில் வளர்ந்தது. உப்புக் கலக்க, அளவு பார்க்க, ஆவியானதை நிரப்ப, மின்வெட்டைச் சமாளிக்க எல்லாவற்றையும் இதை வைத்துப் பழகலாம். ஓராண்டு இதைக் காப்பாற்றியவர் கோமாளி மீனை வாங்கலாம். காப்பாற்ற முடியாவிட்டால் தொட்டியை நன்னீருக்கு மாற்றிவிடலாம்.

அக்காவிடம் அதைத்தான் சொன்னேன். ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் நீர்வளத் தொழில்நுட்பம் பட்டப்படிப்பாகவே இருக்கிறது, பையனின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பஸ் தூரம், என்றும் சொன்னேன். அதைக் கேட்டு அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தொட்டி இப்போது டவுனில் என் வாடகை வீட்டில் இருக்கிறது. மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். அப்பாவின் பணத்தில் தொட்டிக்கும் உப்புக்கும் உப்புமானிக்கும் பற்றரிப் பம்பிக்கும் மட்டும் எடுத்தோம். ஸ்கிம்மரும் பெரிய விளக்கும் மொலிக்குத் தேவையில்லை. சனிக்கிழமைகளில் பையன் பசறையிலிருந்து பஸ்ஸில் வருகிறான். ஒரு சி.ஆர். கொப்பியில் எல்லாம் எழுதி வைக்கிறான். ஐந்தாவது கிழமைப் பக்கத்தில் இருப்பது: உப்பு பாதி அளவு. சூடு 25. கரண்ட் இல்லை, ஒன்றரை மணி நேரம், பம்பி போட்டது சித்தி. மொலி ஆறு. குட்டி எண்ண முடியவில்லை.