ஓட்டைத் தொப்பியும் ஒரு பெட்டி விதையும்

"பார்த்துவிட்டார், பதில் மட்டும் இல்லை." நம் காலத்து மனத்தாங்கல்களுள் முதலிடம் இதற்குத்தான். செய்தி படிக்கப்பட்டதற்கான நீலக்குறி திரையில் விழுந்து ஒரு பொழுது கழிந்தால் போதும், நட்பையே ஐயுறத் தொடங்கிவிடுகிறோம். செடி வளர்ப்போரிடையே இக்குறை இன்னும் சற்று வண்ணம் பெறுகிறது. பதியன் கேட்டு வாங்கியவர் அது பிழைத்ததா என்று சொல்வதில்லை. விதை கொடுத்தவர் அதன் பெயரைச் சொல்வதில்லை. இலை ஏன் சுருண்டது என்று வினவியவருக்கு விடைக்குப் பதிலாகக் காலை வணக்கப் படம் ஒன்று வந்து சேர்கிறது. பழியைக் கைப்பேசியின் மேல் போடுவது எளிது. ஆனால் கைப்பேசியும் தந்தியும் நீராவிக் கப்பலும் இல்லாத பதினெட்டாம் நூற்றாண்டில், இரண்டு தோட்டக்காரர்கள் இதே குறைகளை ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பதை இங்கே நினைவுகூர விரும்புகிறோம்.

ஒருவர் லண்டன் நகரத்துத் துணி வணிகர் பீட்டர் காலின்சன் (1694-1768). மற்றவர் அமெரிக்காவில், பிலடெல்பியாவுக்கு அருகே ஸ்கூல்கில் ஆற்றங்கரையில் உழவு செய்த ஜான் பார்ட்ரம் (1699-1777). இருவரும் குவேக்கர் சமயத்தார். காலின்சனுக்குச் செடிப் பித்து. அயல்நாட்டுச் செடி என்றால் கணக்கேட்டை மூடிவிடுவார். பார்ட்ரம் பள்ளிப்படிப்பு மிகுதியாக இல்லாதவர். தம் வீட்டைத் தம் கையாலேயே கல்லடுக்கிக் கட்டிக்கொண்டவர். 1730களின் முற்பகுதியில் இவர்களுக்கிடையே கடிதப் போக்குவரத்து தொடங்கியது. பார்ட்ரம் காடுமலை அலைந்து விதையும் வேரும் திரட்டிப் பெட்டியில் அடைத்து அனுப்புவார். காலின்சன் அவற்றை இங்கிலாந்தின் பிரபுக்களுக்குப் பெட்டி ஒன்று ஐந்து கினி என்ற விலையில் சேர்ப்பித்துப் பணத்தை வரவு வைப்பார். ஒரு பெட்டியில் நூறு வகைக்குக் குறையாத விதைகள் இருக்கும். இங்கிலாந்தின் பெருந்தோட்டங்கள் பலவற்றில் அமெரிக்க மரங்கள் வேரூன்றிய கதை இப்பெட்டிகளில் தொடங்குகிறது. அவர்கள் ஒருநாளும் நேரில் சந்தித்ததில்லை.

கப்பல் பயணத்துக்கு ஆறு வாரமும் ஆகும், மூன்று மாதமும் ஆகும். குளிர்காலத்தில் டெலாவேர் ஆறு உறைந்துவிட்டால் பிலடெல்பியாவிலிருந்து கலம் கிளம்பாது. ஆகவே இலையுதிர்காலத்தில் கேட்ட கேள்விக்கு அடுத்த ஆண்டு விடை கிடைத்தால் அது விரைவான அஞ்சல். விடை வருவதற்குள் கேள்விக்குரிய செடியே பட்டுப்போயிருக்கும். எழுதிய கடிதம் வழியில் தொலைந்ததா, அல்லது எழுதவே இல்லையா என்பதை அறிய வழியில்லை. இந்த ஐயத்தில்தான் மனத்தாங்கல் முளைக்கிறது. காலின்சன் பெரும்பாலும் கடைத் தொழிலுக்கிடையே கிடைத்த நேரத்தில் அவசரமாக எழுதினார். கேட்டவற்றுக்கெல்லாம் முறையாக விடை சொல்லவில்லை என்று பார்ட்ரமுக்குக் குறை. பெட்டி வந்தது, உள்ளே எலி கூடு கட்டியிருந்தது, வேர்கள் காய்ந்திருந்தன என்று காலின்சனுக்குக் குறை. மாட்டின் நீர்ப்பையில் மண்ணும் நீரும் இட்டு அதனுள் வேரைக் கட்டி அனுப்பினால் நெடும்பயணத்தைத் தாங்கும் என்று அவர் யோசனை சொன்னார். கடல் கடந்து செய்முறை கற்பிக்க வேண்டியிருந்த காலத்தின் பொறுமை அது!

பெயர் தெரியாத சிக்கலுக்கு அவர்கள் கண்ட வழி பாராட்டத்தக்கது. உலர்த்திய செடி மாதிரியில் இரண்டு படி. இரண்டுக்கும் ஒரே எண். ஒன்றைப் பார்ட்ரம் தம்மிடம் வைத்துக்கொள்வார். மற்றது லண்டன் போகும். அறிஞர்களிடம் காட்டிப் பெயரறிந்து, இன்ன எண்ணுக்கு இன்ன பெயர் என்று காலின்சன் எழுதுவார். இந்த எளிய ஏற்பாட்டின் வழியாகவே ஓர் உழவர் தாவரவியலாளர் ஆனார்.

ஆனால் அந்த உறவு சமன் உடையதன்று. இதை மறைத்து நட்பின் இனிமையை மட்டும் பேசுவது வரலாறு ஆகாது. நூல்கள் வேண்டும் என்று பார்ட்ரம் கேட்டபோது, படிப்புக்கு முடிவே இல்லை என்ற சாலமோனின் அறிவுரையை எடுத்துக்காட்டி அவரை அடக்கியவர் காலின்சன். 1738ஆம் ஆண்டு வர்ஜீனியாப் பயணத்தின்பொழுது, அந்நாட்டார் ஆளை மேலுடை கண்டு மதிப்பவர்கள், ஆதலால் நல்ல புத்தாடை அணிந்து செல்க என்று அறிவுறுத்தியவரும் அவரே. எண்ணம் நல்லதாகத்தான் இருக்கும், படித்தவருக்குச் சுருக்கென்றிருக்காதா? அவர் அனுப்பிய தொப்பி ஒன்றைப் பற்றிய வழக்கு இன்னும் சுவையானது. அதில் ஓட்டை இருந்ததென்று பார்ட்ரம் குறைப்பட்டுக்கொண்டார். விளிம்பில் ஓரிரு சிறு ஓட்டை உண்மைதான், உள்துணி புதியதாயிற்றே, பிறர்க்குக் கொடுத்ததற்கு எனக்கே திருப்பி அனுப்பியிருக்கலாமே, நாட்டுப்புறத்தில் மழைக்கு இன்னும் இரண்டு மூன்று ஆண்டு உழைத்திருக்கும் என்ற பொருளில் காலின்சன் மறுமொழி விடுத்தார். ஓட்டைத் தொப்பிக்காக அட்லாண்டிக் பெருங்கடலை இருமுறை கடந்த சொற்போர் இது. சிரிப்பு வருகிறது, ஆனால் தொப்பியன்று, மதிப்பே அங்கு வழக்கு என்பது நமக்குப் புரியாமலில்லை. மலையேறி உயிரைப் பணயம் வைத்து விதை சேர்ப்பவர், தமக்குக் கிடைப்பது பழந்துணியா என்று கேட்கிறார்.

அந்தக் காயம் 1764இல் வெளிப்படையாயிற்று. பார்ட்ரமின் அண்டையில் வளர்ந்த வில்லியம் யங் என்ற இளைஞர் சார்லட் அரசிக்குச் செடிகள் அனுப்பி, ஆண்டுக்கு 300 பவுன் ஊதியத்தில் அரசியின் தாவரவியலாளர் ஆகிவிட்டார். முப்பது ஆண்டு உழைத்தவர் அப்படியே இருக்க, நேற்று வந்தவருக்கு இந்தச் சிறப்பு! பார்ட்ரமின் பொருமல் நியாயமானது என்பதே எங்கள் கருத்து. காலின்சன் முயன்று 1765இல் மன்னரின் தாவரவியலாளர் என்ற பதவியைப் பெற்றுத் தந்தார். ஊதியம் ஆண்டுக்கு 50 பவுன்.

காலின்சனின் தோட்டத் துயரங்களும் குறைந்தவையல்ல. மில் ஹில்லில் அவர் பேணிய அரிய செடிகளை இரவில் வேரோடு பிடுங்கிச் சென்றார்கள், அதுவும் ஒருமுறையன்று. இதைச் செய்தவர்கள் செடியருமை தெரிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். தெரியாதவன் இரவில் வந்து குறிப்பிட்ட செடியைத் தேடமாட்டான். 1766ஆம் ஆண்டு பிரிட்டன் நாடாளுமன்றம் மரஞ்செடித் திருட்டைக் கடுங்குற்றமாக்கிச் சட்டம் செய்தது.

செடி வாடும் குறைக்கு மாற்று வர மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. லண்டன் மருத்துவர் நதானியேல் வார்ட் கண்டறிந்த மூடிய கண்ணாடிப் பெட்டி 1833இல் சிட்னிக்குச் செடிகளுடன் சென்று பயன்பட்டது. பெட்டி வந்ததால் எல்லாம் பிழைத்துவிடவில்லை; தென்னமெரிக்காவிலிருந்து கிளமென்ட்ஸ் மார்க்கம் 1860இல் உதகைக்குக் கொண்டுவந்த சின்கோனாச் செடிகள் அத்தகைய பெட்டிகளில் வந்தும் பட்டுப்போயின.

இவர்களின் கடிதங்களில் பெரும்பகுதியை 1849இல் வில்லியம் டார்லிங்டன் அச்சேற்றினார். அதனால் முணுமுணுப்புகள் நமக்குக் கிடைத்தன. மன்னர்களின் உடன்படிக்கைகளைவிட ஓட்டைத் தொப்பி அந்தக் காலத்தைக் கூடுதலாகப் பேசுகிறது என்றால் வரலாற்றாசிரியர்கள் கோபிக்கலாம், கோபிக்கட்டும்.

1765ஆம் ஆண்டு அக்டோபரில் ஜார்ஜியாவின் அல்டமாகா ஆற்றங்கரையில் பார்ட்ரமும் மகன் வில்லியமும் ஒரு புதிய சிறுமரத்தைக் கண்டார்கள். அப்போது அவர்களால் விதை கொண்டுவர இயலவில்லை. பின்னாளில் வில்லியம் மீண்டும் சென்று விதை எடுத்து வந்து, ஸ்கூல்கில் கரைத் தோட்டத்தில் வளர்த்தார். பெஞ்சமின் பிராங்கிளினின் பெயரால் அது பிராங்கிளினியா எனப்பட்டது. 1803க்குப் பின் காட்டில் அதைக் கண்டவர் இல்லை. இன்று உலகில் எங்கு நின்றாலும் அது அந்தத் தோட்டத்து வழித்தோன்றல் என்றே சொல்லப்படுகிறது. கேட்டு நச்சரித்து, வராததற்கு வருந்தி, வந்தது வாடியதென்று கடிந்து எழுதக் காலின்சன் அப்போது இல்லை. 1768 ஆகஸ்டிலேயே அவர் மறைந்துவிட்டிருந்தார்.