நூல் சுற்றிய கைகள்: ரேந்தைத் தொழிலிற் கணக்கில் வராத உழைப்பு

ஈழத்துத் தமிழிலே வழங்கும் 'ரேந்தை' என்னும் சொல் போர்த்துக்கேய மொழியின் 'ரெந்தா' என்பதன் திரிபாகும். காலி, வெலிகம முதலிய தென்கரையோர ஊர்களிலே ரேந்தை பின்னும் பெண்கள் கையாளும் சிறு மரக்கட்டைகளுக்குச் சிங்களத்தில் வழங்கும் 'பீரலு' என்ற பெயரும் 'பில்ரோ' என்ற போர்த்துக்கேயச் சொல்லோடு தொடர்புடையது. தொழிலும் கருவியும் எவ்வழி வந்தன என்பதற்கு இச்சொற்களே சான்று பகர்கின்றன. ஆயின், அக்கட்டைகளிலே நூலைச் சுற்றும் வேலை பற்றித் தொழில் வரலாறுகள் அதிகம் பேசுவதில்லை. பின்னி முடிந்த ரேந்தை விலைபேசப்படுகிறது. அரும்பொருட் காட்சிச்சாலைகளிலே பேணப்படுகிறது. அதற்கு முந்திய உழைப்போ தடமின்றி மறைகிறது. அது ஏன் மறைந்தது என்பதை, எழுத்துச் சான்றுகள் மிகுதியாகவுள்ள இங்கிலாந்தின் வரலாற்றைக் கொண்டு நாம் இங்கு ஆராய்வோம்.

முதலில் தொழில்முறையை நோக்குவோம். பொபின் எனப்படும் கருவியை நூற்கட்டை எனக் குறிப்போம். அதன் மேற்பகுதியிலுள்ள ஒடுங்கிய கழுத்திலே நூல் சுற்றப்படும். கீழ்ப்பகுதி கைப்பிடியாகவும், நூலை இழுத்து நிறுத்தும் பாரமாகவும் அமையும். நூற்கட்டைகள் எப்பொழுதும் சோடி சோடியாகவே இயங்குவன. ஒரே நூலின் ஒரு பாதியை ஒரு கட்டையிலும், மறுபாதியை எதிர் முனையிலிருந்து மற்றைய கட்டையிலும் சுற்றுவர். இடையிலே முடிச்சு இருத்தலாகாது. இருந்தால் அது வேலையிலே குறையாகத் தெரியும். நூல் தானாகக் கழன்று விடாதபடி கட்டையின் தலைப்பிலே ஒரு சுருக்கு இடுவர். பின்னர் திண்டின் மீது துளையிட்ட மாதிரித் தாளைப் பொருத்தி, துளைகளிலே குண்டூசி குத்தி, நூல்களை மாற்றியும் முறுக்கியும் பின்னிச் செல்வர். ஒடுங்கிய ரேந்தைக்குச் சில சோடிகள் போதும். அகன்ற, நுண்ணிய வேலைக்கு நூற்றுக்கு மேற்பட்ட கட்டைகள் வேண்டும். ஆதலின், முதலாவது குண்டூசி குத்தப்படுமுன்னரே பல மணிநேர உழைப்பு அத்திண்டின் மீது வந்து சேர்ந்துவிடுகிறது. நூல் அழுக்குப்படாது, இழை தளராது, அளவு குறையாது சுற்றப்பட்டாற்றான் பின்னல் செம்மையாகும்.

இத்தொழில் 16ஆம் நூற்றாண்டிலே இத்தாலியிலும் பிளாண்டேர்சிலும் வளர்ச்சியுற்றது. 1557இல் வெனிசிலே மாதிரி நூலொன்று வெளிவந்தது. 1561இல் சூரிச்சிலே வெளியான மற்றொரு மாதிரி நூலை ஆக்கியவர் ஒரு பெண். அவரை இரண்டு முதலெழுத்துக்களால் மட்டுமே வரலாறு அறியும். தொழிலைக் கற்பித்து நூலும் எழுதிய பெண்ணுக்கே நிலை இதுவெனின், நூல் சுற்றியவர்களின் பெயர்களை நாம் எங்கே தேடுவது?

இங்கிலாந்திலே பக்கிங்காம்சயர், பெட்போட்சயர், நோர்தாம்ரன்சயர் ஆகிய மாவட்டங்களின் கிராமங்களில் இத்தொழில் வேரூன்றியது. விவசாயக் கூலிகளின் குடும்பங்களுக்கு இது துணை வருவாயாயிற்று. வியாபாரி மாதிரியையும் நூலையும் விற்பான். பின்னி முடித்த ரேந்தையை அளந்து கூலி கொடுப்பான். கூலியைப் பணமாகக் கொடாது பண்டமாகக் கொடுக்கும் வழக்கமும் பரவியிருந்தது. அதனைத் தடுப்பதற்கு 1779இல் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. நீளத்தை அளந்து கூலி தரும் இம்முறையிலேதான் நாம் தேடும் விடை உள்ளது. அளவுகோலுக்குத் தென்படுவது பின்னலின் நீளம் மட்டுமே. வீட்டுச் சிறுவரும் முதியோரும் கைகொடுத்துச் சுற்றிய நூலுக்கு அவ்வளவுகோலிலே இடமில்லை.

குடும்ப உழைப்பு என்ற போர்வையிலே மறைந்த இச்சுரண்டல், 'ரேந்தைப் பள்ளிகள்' என்ற அமைப்பிலே வெளிப்படையாயிற்று. பெயரிலே பள்ளியாயினும் இவை உண்மையில் நெருக்கடியான வேலைக் கூடங்களே. 1860களின் சிறுவர் தொழில் ஆணைக்குழு அறிக்கைகளை ஆதாரமாகக் கொண்டு கார்ல் மார்க்ஸ் தமது 'மூலதனம்' முதற் பாகத்திலே (1867) இவற்றை விவரித்துள்ளார். ஐந்து வயதிலும் அதற்கு முன்னரும் குழந்தைகள் அங்கு சேர்க்கப்பட்டனர். வளர்ந்தபின் காலை ஆறு மணி முதல் இரவு எட்டு அல்லது பத்து மணி வரை உழைத்தனர்.

இயந்திரம் இவ்வுழைப்பை ஒழித்தது என்று கூறுவோர் உளர். 1808இலும் 1809இலும் ஜோன் ஹீத்கோட் வலைப்பின்னல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1816 யூன் 28ஆம் நாள் இரவு லவ்பரோவிலிருந்த அவரது ஆலையிலே 55 இயந்திரங்கள் உடைக்கப்பட்டன. அவர் தொழிலை டெவன் மாவட்டத்துக்கு மாற்றினார். எனினும் இயந்திரத்துக்கும் நூற்கட்டை வேண்டும். மரக்கட்டையின் இடத்தை மெல்லிய பித்தளைத் தட்டுகள் பெற்றன. ஓர் இயந்திரத்துக்கு அவை நூற்றுக்கணக்கில் தேவைப்பட்டன. நொட்டிங்காம் பகுதியிலே இயந்திரங்கள் இரவு பகலாக ஓடியமையால், அத்தட்டுகளிலே நூல் சுற்றவும் கோக்கவும் சிறுவர்கள் நள்ளிரவிலும் எழுப்பி அழைக்கப்பட்டனர். 1843ஆம் ஆண்டின் ஆணைக்குழு அறிக்கை இதனைப் பதிவு செய்தது. ஏங்கெல்ஸ் 1845இல் தமது நூலிலே இக்கொடுமையை எடுத்துரைத்தார். பின்னும் வேலையை இயந்திரம் ஏற்றது. சுற்றும் வேலை குழந்தையின் தூக்கத்தைப் பறித்தது.

1867ஆம் ஆண்டின் வேலைக்கூடச் சட்டம் எட்டு வயதுக்குட்பட்டோரை வேலைக்கமர்த்தலைத் தடை செய்தது. 1870ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டங்களும் ரேந்தைப் பள்ளிகளின் மறைவுக்கு வழிவகுத்தன. மறுபுறம், கைத்தொழிலின் விலையை இயந்திர ரேந்தை வீழ்த்தியது. சிறுவர் விடுதலை பெற்றமை மனிதகுல முன்னேற்றமே. ஆனால் கணக்கில் வராத உழைப்புக்குக் கணக்கு அப்பொழுதும் தீர்க்கப்படவில்லை.

காலிக் கரையிலே பீரலு ரேந்தை பின்னும் பெண்களுக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. அவர்களது கைத்திறனைப் போற்றுவோர் பலர். ஒரு முழ ரேந்தையின் விலையிலே நூல் சுற்றிய நேரமும் அடங்கியுள்ளதா எனக் கேட்போர் சிலரே. கலையைப் பேணுதல் என்பது கலைஞரின் முழு உழைப்புக்கும் ஊதியம் அளித்தலையும் உள்ளடக்கியதாகும். அது நிகழாதவரை, வாங்குவோர் அளந்து பெறும் ஒவ்வொரு முழத்திலும் அளக்கப்படாத உழைப்பு ஒன்று உடன்செல்கிறது என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.